சகோதரி என்று வரும் இடம்

என் அறைத்தோழனுக்கு நாங்கள் வைத்த பெயர் வெண்கலம். அவன் ஜெபம் பண்ண ஆரம்பித்தால் மெஸ்ஸில் சாப்பாடு ஆறிப்போகும். ஆனால் கடைசி மேசைவரை ஒரு வார்த்தை தவறாமல் கேட்கும். அப்படி ஒரு தொண்டை. அந்த இறையியல் கல்லூரிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வேறு போக்கிடம் இல்லாமல் வந்தவர்கள், என்னையும் சேர்த்துத்தான். அவன் ஒருவன்தான் போதகராவேன் என்று சின்ன வயதிலிருந்தே ஒற்றைக்காலில் நின்றவன். அப்பா இல்லை. அம்மா துணிக் கம்பெனியில் சட்டைகளுக்குக் காலர் தைத்துத்தான் அவனைப் படிக்க வைத்தார். இவனுக்கு ஒரு சபை கிடைத்தால் கூடவே ஒரு வீடும் கிடைக்கும், அம்மா மெஷினை விட்டு எழுந்திருக்கலாம் என்பது இருவரின் கணக்கு.

அதற்குக் கடைசி வருடத்தில் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. மற்ற ஆராதனைகளை எல்லாம் வகுப்பிலேயே நடத்திக் காட்டினால் போதும். அடக்க ஆராதனை மட்டும் நிஜமாக ஒன்று நடத்த வேண்டும், பேராசிரியர் கல்லறைத் தோட்டத்துக்கே வந்து பார்ப்பார். அதில் தேறாதவனுக்குச் சபை கிடையாது. அந்தப் பேராசிரியரின் பட்டப்பெயர் முறைமை. ஆராதனைப் புத்தகத்தில் அச்சடித்ததை விட்டு ஓர் எழுத்துக்கூட நகரமாட்டார்.

வகுப்பில் பெஞ்சின் மேல் தலையணையைக் கிடத்தி ஒத்திகை பார்ப்போம். எனக்கு எப்போதும் விதவை வேடம்தான். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதை அழுகை என்று நினைத்து முறைமை பாராட்டியதும் உண்டு.

ஒத்திகை சரி, நிஜச் சாவுக்கு எங்கே போவது? ஞாயிற்றுக்கிழமை சபைகளுக்குப் போய்வருகிறவர்கள் திரும்பியதும் "யாராவது சீரியஸா இருக்காங்களா?" என்று வெட்கமில்லாமல் கேட்டுக்கொள்வோம். வெண்கலத்துக்கு ஒரு கிழவர் அமைந்தார். ஆஸ்பத்திரியில் கைவிட்டுவிட்டார்கள். இவன் போய்க் கட்டிலோரம் நின்று உருக்கமாக ஜெபித்துவிட்டு வந்தான். அடுத்த வாரம் கிழவர் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டாராம். இவன் முகம் தொங்கிப்போனது.

"கர்த்தர் என் ஜெபத்தக் கேட்டுட்டாருடா. மனசுல இருந்ததக் கேக்கல, வாயால சொன்னதக் கேட்டுட்டாரு," என்றான். அறையே அதிரச் சிரித்தோம்.

இதை அம்மாவிடமும் சொல்லியிருக்கிறான். அந்த அம்மாவுக்கு வாய் நீளம். "ஆளு கிடைக்கலன்னா ஏன்டா அலையிற? நான் இருக்கேன்ல," என்றாராம். சொன்ன மாதமே, காலர் தைத்துக்கொண்டிருந்தவர் மெஷின்மேல் சாய்ந்தார். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போகுமுன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

அவர்கள் சபையின் போதகர் நல்ல மனிதர். "நான் நடத்துறேன் தம்பி, நீ மகனா நில்லு," என்றார். இவன் கேட்கவில்லை.

"அம்மா என்னத்தான் நடத்தச் சொல்லியிருக்காங்க ஐயா. அதுவும் இல்லாம வருசம் முடியப்போகுது. இத விட்டா..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டான். அங்கியை மாட்டினான். முறைமைக்குச் சொல்லியனுப்பினோம்.

நான் இதுவரை கேட்ட ஆராதனைகளிலேயே அதுபோல ஒன்று கிடையாது. குழிக்கருகே நின்று, குரல் பிசகாமல் வாசித்தான். "இங்கே நித்திரையடைந்திருக்கும் எங்கள் அம்மாவை" என்றபோது கம்பெனிப் பெண்கள் விம்மி அழுதார்கள். அவன் கண்ணிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. நான்தான் இந்தமுறை நிஜமாகவே அழுதேன்.

எல்லோரும் கலைந்த பிறகு முறைமை அவனைத் தோட்டத்து வாசலருகே கூப்பிட்டார்.

"குரல் பிரமாதம் தம்பி. ஆனா 'நம் சகோதரி'ன்னு வர்ற இடத்துல எல்லாம் 'அம்மா'ன்னு வாசிச்சிட்டீங்க."

"என் அம்மாதானே ஐயா?"

"அங்கி போட்டிருக்கறப்ப உங்களுக்கு அம்மா கிடையாது. சகோதரிதான். இதத் தேர்வா எடுத்துக்க முடியாது. இன்னொண்ணு பாருங்க."

இன்னொண்ணு பாருங்களாம்! செருப்புக் கடையில் சைஸ் சேராதவனுக்குச் சொல்வதுபோல. எனக்கு ரத்தம் கொதித்தது. "ஐயா, இது நியாயமா?" என்று நான் வாயைத் திறந்ததும் வெண்கலம் என் கையைப் பிடித்து அழுத்தினான். "சரிங்க ஐயா," என்றான். அவன் காலில் இன்னும் குழியோரத்து மண் ஒட்டியிருந்தது.

அதன்பிறகு அவன் அம்மாவைப் பற்றிப் பேசியே நான் கேட்கவில்லை. ஆனால் காலையில் கண்ணாடி முன்னால் நின்று முகம் மழிக்கும்போது முனகுவான்: "நம் சகோதரி. நம் அன்புச் சகோதரி." சோப்பு நுரையோடு, ஏற்றி இறக்கி, திரும்பத் திரும்ப. "போதும்டா, விடு," என்பேன். "நாக்குல பழகணும்ல," என்பான். எனக்கு அந்த முறைமையைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

வருடம் முடியக் கொஞ்சம் முன்னால் பக்கத்துச் சபையில் ஒரு வயதான நர்ஸ் இறந்துபோனார். அந்த அடக்கம் வெண்கலத்துக்குக் கிடைத்தது. எனக்கு அன்று வேறு பரீட்சை, போக முடியவில்லை. சாயங்காலம் அறைக்குள் வந்தவன் அங்கியைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் ஆணியில் மாட்டினான்.

"என்னாச்சுடா?"

"பாஸ். முறைமையே கை குடுத்தாரு. இப்பத்தான் நீங்க போதகர்னு சொன்னாரு."

"அப்பாடா!" என்று அவனைக் கட்டிக்கொண்டேன். அவன் திருப்தியில்லாமல் உதட்டைப் பிதுக்கினான்.

"இன்னும் நல்லா வந்திருக்கும்டா. அந்தம்மாவோட மகன் ஒருத்தன், நல்ல வயசாளு, குழிகிட்ட வந்து 'அம்மா, அம்மா'ன்னு ஒரே கத்தல். 'சகோதரி'ன்னு வர்ற இடத்தையே கெடுத்துட்டான்."