மலை சுற்றாத சாமி

அந்த ஜிகினா நட்சத்திரம் எனக்கு வந்திருக்க வேண்டியது. இந்த வயதில் இதைப் போய்ப் பேசிக்கொண்டிருக்கலாமா என்று என் மகளே கேட்கிறாள். பேசத்தான் செய்வேன். இரண்டாம் வகுப்பில் நடந்தது என்பதற்காக அநியாயம் அநியாயம் இல்லை என்று ஆகிவிடுமா?

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அண்ணாமலையார் கோயில் பெரிய கோபுரத்துக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், ஓட்டுக் கட்டடத்தில் எங்கள் பள்ளிக்கூடம். அதுவரை எங்களுக்குப் படிப்பு என்றால் கரும்பலகையைப் பார்த்து எழுதுவது, எழுதியதைச் சத்தம் போட்டுச் சொல்வது, சத்தம் ஜாஸ்தியானால் அடி வாங்குவது. அந்த வருடம் கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் டீச்சர் ஒருவர் புதிதாகச் சேர்ந்தார். எங்கேயோ பயிற்சி எடுத்துவிட்டு வந்தவர். பார்த்ததைச் சொந்தமாகச் சொல்ல வேண்டும், சொன்னதை வரைய வேண்டும், வரைந்ததை நடிக்க வேண்டும் என்றார். எங்களால் நம்பவே முடியவில்லை. வாயை மூடு என்பதைத் தவிர வேறு எதையும் பள்ளிக்கூடத்தில் எங்களிடம் யாரும் சொன்னதில்லை.

படிப்போடு குணத்தையும் வளர்க்க வேண்டுமாம். அதற்காகச் சுவரில் ஒரு பெரிய சார்ட்டு. மாதம் ஒரு நல்ல குணம், பக்கத்தில் எங்கள் பெயர்கள். அந்தக் குணத்தோடு நடந்துகொண்டவர் பெயருக்கு நேரே டீச்சர் ஜிகினாத் தாளில் வெட்டிய நட்சத்திரம் ஒட்டுவார். முதலில் வந்தது உண்மை பேசுதல். சாக்பீஸை உடைத்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டு முதல் நட்சத்திரத்தை நான் வாங்கினேன். அடுத்த வாரம் வகுப்பில் பாதிப் பேர் சாக்பீஸை உடைத்துவிட்டு உண்மை பேச ஓடிவந்தார்கள். டீச்சர் சாக்பீஸ் டப்பாவைப் பூட்டி வைத்துக்கொண்டு அடுத்த குணத்துக்குப் போய்விட்டார்.

பொங்கல் மாதத்துக்கு அவர் எழுதிய குணம், விட்டுக்கொடுத்தல். அதைப் படித்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டில் இந்தக் குணத்தை ஆள் பார்த்துத்தான் வினியோகித்தார்கள். கொய்யாப்பழம் ஒன்றுதான் இருக்கிறதா, அண்ணனுக்கு விட்டுக்கொடு. ஜன்னலோர சீட்டா, அண்ணனுக்கு விட்டுக்கொடு. அண்ணன் எனக்கு விட்டுக்கொடுத்தது அம்மை மட்டும்தான். முதலில் அவனுக்கு வந்து, பிறகு எனக்கு வந்தது.

அந்த வருடம் இந்தச் சொல் என்னைவிட அதிகமாக என் சித்தியின் மேல்தான் விழுந்தது. சித்தி அம்மாவின் தங்கை. போளூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தீபாவளி முடிந்த கையோடு ஒரு சூட்கேஸோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. லீவுக்கு வந்திருக்கிறாள் என்றார்கள். பெரியவர்களுக்கு இவ்வளவு நீளமான லீவு உண்டா என்று கேட்டதற்கு அம்மா முறைத்தாள். சித்தியின் முழங்கைக்குக் கீழே சிவப்பாக ஒரு பெரிய தழும்பு இருந்தது. எண்ணெய் பட்டுவிட்டது என்றாள். யாராவது வந்தால் முந்தானையால் கையை மூடிக்கொள்வாள். சித்தப்பாவின் பெயரை எடுத்தால் போதும், உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அம்மாவின் அண்ணனான எங்கள் மாமா வாரா வாரம் வந்து, சாத்திய கதவின் முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, “கொஞ்சம் விட்டுக்குடுத்துப் போம்மா, ஊர்ல இல்லாத புருசனா?” என்று பேசிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போவார்.

மாட்டுப் பொங்கலன்று திருவூடல் பார்க்கப் போனோம். எங்கள் ஊரில் அன்றைக்குச் சாமிக்கும் அம்மனுக்கும் சண்டை. திருவூடல் தெருவில் அண்ணாமலையாரும் உண்ணாமுலை அம்மனும் எதிரும் புதிருமாக வந்து நிற்பார்கள். சாமி தூக்குபவர்கள் முன்னால் ஓடுவதும் பின்னால் வருவதுமாக இருப்பார்கள். கடைசியில் அம்மன் கோபித்துக்கொண்டு விறுவிறுவென்று கோயிலுக்குப் போய்க் கதவை அடைத்துக்கொள்வாள். சாமி தனியாக நிற்பார். மறுநாள் காலை மலையைச் சுற்றிவிட்டு அம்மன் வாசலுக்கு வருவார். அப்புறம்தான் சமாதானம். இந்தச் சண்டையைப் பார்த்தால் புருஷன் பெண்டாட்டிக்குள் ஒற்றுமை வரும் என்று அம்மா சித்தியை இடித்துப் பிடித்து முன்னால் தள்ளிக்கொண்டிருந்தாள். சித்தப்பா வரவில்லை. பாதி ஜோடி மட்டும் பார்த்தால் பாதி ஒற்றுமைதான் வருமோ என்று எனக்குச் சந்தேகம்.

ஆனால் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்ததில் எனக்கு ஒரு சட்டம் தெளிவாகப் புரிந்துவிட்டது. கோபம் வந்தால் பெண்டாட்டி வீட்டுக்கு வந்து கதவைச் சாத்த வேண்டும். புருஷன் மலையைச் சுற்றிவிட்டு வர வேண்டும். சித்தி அவள் வேலையைச் சரியாகச் செய்துவிட்டாள். மீதி சித்தப்பாவின் வேலை.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் பார்த்ததைச் சொல்லச் சொன்னார் டீச்சர். நான் திருவூடலைச் சொன்னேன். கைகால் ஆட்டி, கதவை அடைக்கும் சத்தம் உட்பட. டீச்சருக்கு ஒரே சந்தோஷம். விட்டுக்கொடுத்தலுக்கு இதைவிடப் பொருத்தமான கதை ஏது, இதையே நடிக்கலாம், பெற்றோரையும் கூப்பிடலாம் என்றார். கதை சொன்னவளும் கோபப்படத் தெரிந்தவளும் நான்தான் என்பதால் அம்மன் வேஷம் எனக்கு. சாமி வேஷம் கடலை மண்டிக்காரர் மகனுக்கு. அவன் வகுப்பிலேயே உயரம், வகுப்பிலேயே சோம்பேறி. சட்டைப் பையில் எப்போதும் வறுகடலை.

நடிப்பதற்கு முன் வரைய வேண்டும் அல்லவா, அம்மனை வரைந்தேன். பச்சைப் புடவை, மூக்குத்தி, கையில் சிவப்பாகத் தழும்பு. டீச்சர் குனிந்து பார்த்தார்.

“இது இன்னா பாப்பா கையில?”

“எண்ணெ பட்டுடுச்சி டீச்சர்.”

“அம்மனுக்கு அப்டிலாம் இருக்காது” என்று சொல்லி, ரப்பரை எடுத்து அழித்தார். கிரேயான் அழியுமா? கை முழுக்கச் சிவப்பாக இழுத்துக்கொண்டு போய்ப் படமே பாழானது. சொந்தமாகச் சொல், சொந்தமாக வரை என்று சொன்ன வாய்தானே அது? நான் பார்த்ததை நான் வரைந்தால் அழிப்பதற்கு இவர் யார்? அன்று சாயங்காலம் வரை நான் யாரோடும் பேசவில்லை. அதற்கும் டீச்சர், கோபக்கார அம்மன் பாத்திரத்தில் நன்றாக ஒன்றிவிட்டாள் என்று பாராட்டினார்.

நாடகம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். அம்மாவால் வர முடியவில்லை. மறுநாள் மாமா சித்தப்பாவை அழைத்துக்கொண்டு வருவதாக இருந்தது. சித்தியை அனுப்பிவிடுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. சித்தியின் புடவைகளை அம்மாவே மடித்து அடுக்கி, சூட்கேஸை வாசல் பக்கம் கொண்டுவந்து வைத்திருந்தாள். பலகாரத்துக்கு மாவு அரைக்கிற வேலை அம்மாவுக்கு. அதனால் சித்தியை என்னோடு அனுப்பினாள்.

நாலைந்து பெஞ்சுகளை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கிப் பச்சைத் துணி போர்த்தினால் மலை. மேப்பும் துடைப்பமும் வைக்கும் சின்ன அறைதான் கோயில். சண்டை நன்றாகப் போயிற்று. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் அறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டேன். கைதட்டினார்கள். அந்தக் கதவில் ஒரு விரிசல். அதில் கண்ணை வைத்து அடுத்து நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாமி மலையைப் பார்த்துக் கிளம்பினார். ரெண்டடி வைத்திருப்பார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவன் அம்மா “என் ராசா” என்றாள். சாமி வெட்கப்பட்டுச் சிரித்தார். வேட்டி அவிழப் பார்த்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மலையைச் சுற்றாமல், அங்கிருந்தே திரும்பி நேராகக் கதவுக்கு வந்துவிட்டார். வாயில் கடலை வேறு.

“உண்ணாமுலை, கதவைத் திற.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. “தொறக்க மாட்டேன்” என்றேன்.

கூட்டம் சிரித்தது. டீச்சர் கதவருகே ஓடிவந்து, “தொற பாப்பா, சாமி வந்துட்டாரு பாரு, நீதான விட்டுக்குடுக்கணும்” என்றார். அவன் மலையே சுத்தல டீச்சர் என்று உள்ளேயிருந்து தொண்டை கிழியக் கத்தினேன். அந்தச் சிரிப்பில் ஒருவர் காதிலும் விழவில்லை. டீச்சர் கெஞ்சினார், தலைமையாசிரியர் அதட்டினார், நான் அசையவில்லை. வேறு வழியில்லாமல் ஜன கண மன பாடி நாடகத்தை முடித்தார்கள். அதற்குப் பிறகு நானாகவே வெளியே வந்தேன்.

வந்து பார்த்தால், சார்ட்டில் நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருந்தார் டீச்சர். யார் பெயருக்கு? கடலை மண்டிக்காரர் மகன் பெயருக்கு. அவ்வளவு நேரம் அழாமல் பொறுமையாகக் கதவின் முன்னால் நின்றானாம். நிற்காமல் என்ன செய்வான்? நடக்கத்தான் அவனுக்கு உடம்பு வணங்காதே! நடக்க வேண்டியவன் நடக்கவில்லை, அவனுக்குப் பரிசு. சட்டப்படி கதவைச் சாத்தியவளுக்குத் திட்டு. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

திரும்பி வரும் வழியில் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் விசும்பிக்கொண்டே வந்தேன். தேரடிக்கு வந்ததும் கேட்டாள்.

“ஏண்டி, எல்லாரும் அவ்ளோ கெஞ்சனாங்க. ஏன் நீ தொறக்கல?”

“அவன் மலையே சுத்தல சித்தி. ஒரு சுத்துகூட சுத்தாம நேரா வந்து தொற தொறன்னா, எப்டித் தொறப்பாங்க?”

சித்தி நடப்பதை நிறுத்திவிட்டாள். பிறகு சிரித்தாள். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இத யாருடி உனக்குச் சொல்லிக் குடுத்தாங்க?”

“சொல்லிக் குடுக்கறதுக்கு இன்னா இருக்குது? பாத்தாலே தெரியுதே.”

என் நட்சத்திரம் போனது இவளுக்குச் சிரிப்பாக இருக்கிறதே என்று எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது. தேரடியில் வாங்கிக் கொடுத்த குச்சி ஐஸைக்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தின்றேன்.

மறுநாள் காலை மாமாவும் சித்தப்பாவும் வந்தார்கள். சித்தப்பா மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மாமா வழக்கம்போல நாற்காலியை உள்ளறைக் கதவுக்கு நேராகப் போட்டார். கதவு திறந்துதான் இருந்தது. சித்தி வெளியே வந்து எல்லோருக்கும் எதிரில் நின்றாள். கையை முந்தானையால் மூடவில்லை.

“பொம்பளைங்கதாம்மா விட்டுக்குடுத்துப் போவணும்” என்று மாமா ஆரம்பித்தார்.

“அவர மொதல்ல மலையச் சுத்திட்டு வரச் சொல்லுங்கண்ணா” என்றாள் சித்தி.

“இன்னா, எதுனா வேண்டுதலா?” என்று சித்தப்பா சிரித்தார்.

“வேண்டுதல்தான். சுத்திட்டு வந்து, என் கைல எப்டி எண்ணெ பட்டுச்சின்னு இந்தக் கூடத்துல உக்காந்து நீங்களே சொல்லுங்க. அப்பறம் போறதப் பத்திப் பாக்கலாம்.”

மாமா நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அம்மா கையில் பலகாரத் தட்டோடு சித்தியின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சித்தப்பாவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. எழுந்தார், செருப்பை மாட்டினார், படியிறங்கிப் போனார்.

எனக்கு மட்டும்தான் சந்தோஷம். பெரியவர்களில் ஒருவருக்காவது சட்டம் தெரிந்திருக்கிறதே! செருப்போடு மலை சுற்றக் கூடாது சித்தப்பா என்று பின்னாலேயே ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே அம்மா அழும் சத்தமும் மாமா கத்தும் சத்தமும் கேட்டன. கொஞ்ச நேரத்தில் மாமாவும் போய்விட்டார். இந்நேரம் மலைக்குப் பின்னாலிருக்கும் அடி அண்ணாமலை தாண்டியிருப்பார், இந்நேரம் ஐஸ் தண்ணி குடிக்க நின்றிருப்பார் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். சித்தி சூட்கேஸிலிருந்த புடவைகளை எடுத்து அலமாரியில் அடுக்கினாள். காலிப் பெட்டியை அம்மாவே வாங்கிப் பரணில் ஏற்றினாள். அது ஏன் என்று நான் கேட்கவில்லை.

“வா, சாப்புடு” என்று சித்தி கூப்பிட்டாள்.

“இரு சித்தி, சித்தப்பா சுத்திட்டு வந்துடட்டும்.”

சித்தி உள்ளே போனாள். சோற்றைத் தட்டில் பிசைந்து எடுத்துவந்து, என் பக்கத்தில் படியில் உட்கார்ந்து ஊட்டிவிட்டாள். அவர் பஸ் ஏறிப் போளூருக்குப் போய்ச் சேர்ந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கடலை மண்டிக்காரர் மகனைப் போல இவரும் பாதியிலேயே திரும்பிக் குறுக்கே வந்து ஏமாற்றிவிடக் கூடாதே என்று, வாயில் சோற்றோடு, தெருவின் இரண்டு முனையையும் மாறி மாறிப் பார்த்துக் காவல் இருந்தேன்.