பதினாறு எண்ணும் வரை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு இருபதுக்கு நானும் மகள் அபியும் சுசீந்திரம் பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். போக வேண்டிய இடம் குலசேகரம். இங்கிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர். நாகர்கோவிலில் பேருந்து மாற வேண்டும். பதினொரு மணிக்குள் அங்கே இருந்தாக வேண்டும் என்பது என் கணக்கு. பதினொரு மணிக்கு அங்கே கூடுகிறவர்கள் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடப் போகிறார்கள். அந்தக் கடிதத்தில் எழுதியிருக்கும் தவறு என்னுடையது. பெயர் வேறொருவருடையது.

"அப்பா, நீங்க வரண்டாம். நானே போயி சொல்லிக்கிடுதேன்" என்றாள் அபி, மூன்றாவது முறையாக.

"நான் செஞ்சத நீ எப்பிடி மக்களே சொல்லுவ?"

எங்கள் பக்கத்தில் பெற்ற பிள்ளையை 'மக்களே' என்றுதான் கூப்பிடுவோம். சாலைக்கு அப்பால் வயலில் நாற்று நட்டு ஒரு வாரம் இருக்கும். தண்ணீர் இன்னும் தெரிந்தது. நகரப் பேருந்து வந்தது. எனக்குப் பத்து ரூபாய், அவளுக்கு மகளிர் இலவசச் சீட்டு.

எதற்காக இந்தப் பயணம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கு வாரங்களுக்கு முன் திருவனந்தபுரத்தில், ஓர் உள்ளரங்கத்தில், ராக் இசைக்குழு ஒன்றின் கச்சேரி. ஐந்து பேர் குழு; தமிழிலும் மலையாளத்திலும் பாடுகிறார்கள். கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் அபிக்கு அவர்கள்மேல் பைத்தியம். தனியே அனுப்ப எனக்கு மனம் வராமல் கூடவே போனேன். அவள் கீழே தரையில், மேடைக்கு முன்னால் நின்றாள். நான் இடப்பக்கக் கேலரியில் உட்கார்ந்திருந்தேன்.

எட்டாவது பாட்டின் நடுவில் டிரம்ஸ் நின்றது. விளக்குகள் மங்கின. கீழே நின்ற ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே வீச்சில் தரையோடு தரையாகப் போனார்கள். தலைகள் மறைந்தன. என் மகளின் சிவப்புத் துப்பட்டாவும் மறைந்தது. நெரிசலில் மனிதர்கள் சரிந்து விழுவதைச் செய்திகளில் பார்த்துப் பார்த்து வந்தவன் நான். விழுந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். "மக்களே, எழும்பு! ஓடுங்க, ஓடுங்க!" என்று கத்திக்கொண்டு இறங்கி ஓடினேன். தரைக்குப் போகும் கதவருகே மஞ்சள் சட்டையில் நின்ற காவலாளி தடுத்தார். அவரைத் தள்ளிக்கொண்டு போனேன். என் பின்னால் கேலரியிலிருந்து முப்பது பேராவது ஓடி வந்திருப்பார்கள்.

யாரும் விழவில்லை. அது அந்த ரசிகர்களின் வழக்கம். அந்தப் பாட்டில் டிரம்ஸ் நின்றதும் எல்லோரும் உட்கார்ந்து மனதுக்குள் பதினாறு எண்ணுவார்கள். பதினாறில் டிரம்ஸ் அடிக்கும். எல்லோரும் ஒன்றாக எழும்பிக் குதிப்பார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அபி சம்மணமிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். எங்களுக்குப் பின்னால், ஓடி வந்தவர்களின் காலில் ஒரு பெண்ணின் வலது கை மிதிபட்டு ஒடிந்தது. அது எனக்குப் போன வாரம்தான் தெரிந்தது.

எட்டே கால். வடசேரிப் பேருந்து நிலையம். குலசேகரம் வண்டி எட்டு நாற்பதுக்கு என்றார்கள். ஆளுக்கொரு டீயும் ஒரு ரசவடையும் வாங்கினேன். வடை எனக்கு இறங்கவில்லை; அபி அதையும் சேர்த்துத் தின்றாள். வண்டி கிளம்பியதும் நடத்துநர் வந்தார்.

"குலசேகரம் ரெண்டு."

"ஒண்ணுக்குக் காசு குடுங்க அண்ணாச்சி. பிள்ளைக்கு அரசாங்கம் குடுத்துக்கிடும். நம்மளத்தான் கேக்க ஆளில்ல" என்றார். முப்பது ரூபாய்.

பார்வதிபுரம் தாண்டியதும் மலைகள் வலப்பக்கம் நெருங்கி வந்தன. வில்லுக்குறியும் தாண்டியது. பிறகு நான் கேட்டேன்.

"அந்த வீடியோவுல உள்ளது எனக்க சத்தம்னு ஒனக்கு எப்பத் தெரியும்?"

"மொதத் தடவ கேட்டப்பவே தெரியும்."

"எப்பிடி?"

"வேற யாருப்பா 'மக்களே'ன்னு 'ளே'ய அவ்வளவு நீளமா இழுப்பாவ? பள்ளிக்கூட வாசல்ல நின்னு கூப்பிட்டா ரெண்டு தெருவுக்குக் கேக்கும். ஃபிரண்ட்ஸ் எல்லாம் என்னக் கேலி பண்ணுவாளுவ."

அந்த ரசிகர்களுக்குப் போனில் ஒரு குழு இருக்கிறது. கச்சேரியில் தாங்கள் நின்ற இடத்திலிருந்து எடுத்த வீடியோக்களை அதில் போடுவார்கள். எந்த இடத்தில் கூட்டம் ஆரவாரித்தது, எங்கே தூங்கியது, எங்கே தப்பாகக் கைதட்டியது என்று வாரக்கணக்கில் விவாதிப்பார்கள். இந்த முறை விவாதம் முழுக்க எட்டாவது பாட்டைப் பற்றித்தான். கத்தியது யார்? வீடியோ ஒன்றில் மஞ்சள் சட்டைக் காவலாளி கதவு திறந்து உள்ளே வருவது தெரிகிறது. அவர்தான் பதறிக் கத்திக் கதவைத் திறந்துவிட்டார் என்று முடிவு செய்துவிட்டார்கள். அவரை இனி எந்த நிகழ்ச்சிக்கும் வேலைக்கு எடுக்கக் கூடாது என்று அமைப்பாளர்களுக்கு எழுதும் கடிதத்தில்தான் இன்று, கை ஒடிந்த ஜெபாவின் வீட்டில், கையெழுத்துப் போடப் போகிறார்கள். போன வாரம் அபியின் போனில் அந்த வீடியோ ஓடியது. அடுத்த அறையிலிருந்து என் குரலை நானே கேட்டேன். அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை.

"ஏன் மக்களே எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா இனி எந்த ஷோவுக்கும் விட மாட்டிய."

அது உண்மைதான். விட்டிருக்க மாட்டேன்.

தக்கலையில் வண்டி இருபது நிமிடம் நின்றுவிட்டது. கல்யாண ஊர்வலம் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டிருந்தது. மணி ஒன்பதே முக்கால். நான் எழுந்து ஓட்டுநரிடம் போய், "பதினொண்ணுக்குள்ள போயிருவமா?" என்றேன்.

"மாப்பிள்ள பத்துத் தடவ எறங்கிப் போட்டோ எடுக்கான். அவன்ட்ட கேளுங்கோ" என்றார்.

அழகியமண்டபம், வேர்க்கிளம்பி, திருவட்டாறு. அதற்கப்புறம் இருபுறமும் ரப்பர் மரங்கள். ஒவ்வொன்றிலும் சாய்வாகக் கீறிய தழும்பு, அதன் கீழே பால் வடியும் தேங்காய்ச் சிரட்டை. வெயில் இருந்தும் சாலை இருட்டாக இருந்தது. பத்து ஐம்பதுக்குக் குலசேகரம் சந்தையில் இறங்கினோம். ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். "ஜெபாக்க வீடா? கை ஒடிஞ்ச பிள்ளையில்லா?" என்று ஓட்டுநரே சொன்னார். அதற்கு மேல் அவரிடம் நான் வழி கேட்கவில்லை.

கூட்டம் நடந்தது ஜெபாவின் வீட்டுக்குப் பின்னாலிருந்த ரப்பர் கொட்டகையில். பாலை உறையவைத்து உருளையில் கொடுத்துத் தகடாக்கும் இடம். காயப்போட்ட தகடுகள் மூங்கிலில் துவைத்த துணிபோலத் தொங்கின. புளித்த நெடி. சிமெண்டுத் தரையில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஜெபாவுக்கு வயது இருபத்திரண்டு இருக்கும். மாவுக்கட்டுப் போட்ட வலது கையைத் தலையணைமேல் வைத்திருந்தாள். சந்தையில் மொபைல் கடை வைத்திருக்கும் ஷாஜி, சுவரில் கட்டிய வெள்ளை வேட்டியில் வீடியோக்களைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். அபியைப் பார்த்துக் கையசைத்தார்கள். "அப்பாவையும் கூட்டிட்டு வந்தியா?" என்று ஒருத்தி சிரித்தாள். கடைசி வரிசையில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது.

"பாட்டுக்காரன விடுங்க. கூட்டத்த மட்டும் கேளுங்க" என்றான் ஷாஜி. "மூணாம் பாட்டு. எடது பக்கம் கை தட்டுனது கேக்குதா? அர நொடி லேட்டு."

"அது கொல்லத்துக்காரனுவ. பாட்டு தெரியாமலே குதிச்சுச் சாடுதானுவ."

"நீ பாட்டு தெரிஞ்சா சாடின? பக்கத்துல நின்ன பிள்ளையப் பாத்துல்லா சாடின!"

கொட்டகை சிரித்தது. நானும் என்னை மறந்து சிரித்துவிட்டேன். கேலரியின் கைதட்டல் மழைபோலவும் தரையின் கைதட்டல் ஓட்டின்மேல் தேங்காய் விழுந்தது போலவும் கேட்கிறது என்று ஒருவன் சொன்னான். உண்மையிலேயே அப்படித்தான் கேட்டது. அன்று இரண்டு மணி நேரம் கேலரியில் இருந்தும் மகளின் துப்பட்டாவைத் தவிர நான் எதையும் பார்க்கவில்லை, கேட்கவில்லை.

பிறகு எட்டாவது பாட்டு வந்தது. டிரம்ஸ் நின்றது. வேட்டித் திரையில் தலைகள் தாழ்ந்தன. அத்தனை பேர் உட்கார்ந்தபின் வந்த அமைதியில் யாரோ இருமுவது கூடக் கேட்டது. பிறகு என் குரல்.

ஷாஜி வீடியோவை நிறுத்தினான். "இந்தா, மஞ்சச் சட்ட. கடிதம் ரெடி. ஒவ்வொருத்தரா..."

நான் எழுந்தேன். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தச் சத்தம் நான் போட்டது. அந்த ஆளு கதவத் தொறக்கல. என்னத் தடுத்தாரு. நான் அவரத் தள்ளிட்டு உள்ள வந்தேன்."

ஷாஜிதான் முதலில், "அங்கிள், யாரயாவது காப்பாத்தணும்னு சொல்லுதியளா?" என்றான். நம்பவில்லை. அப்போது அபி எழுந்து கொட்டகையின் மறுகோடிக்கு, உருளை இயந்திரத்தின் பக்கம் போய் நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"அப்பா, என்னக் கூப்பிடுங்க."

நான் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தேன்.

"கூப்பிடுங்கப்பா."

கூப்பிட்டேன். "மக்களே!"

அதே இழுப்பு. தொங்கிய தகடுகளுக்கு நடுவே அது போய் நின்றது. அதற்குமேல் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை.

சமையலறை வாசலிலிருந்து ஜெபாவின் அம்மா வந்தார். கையில் கரண்டி. "எனக்க பிள்ளைக்க கைய ஒடிச்சது நீங்களா?"

"ஆமாம்மா."

"நாலு வாரமா தல வாரிக் குடுக்கேன், சோறு ஊட்டுதேன். பரீச்ச எழுத முடியல அவளுக்கு. உங்களுக்க பிள்ள சொகமா நிக்கா."

"ஆமா" என்றேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை, உள்ளே போய்விட்டார்.

ஜெபா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கை ஒடிஞ்சது செரியாவும் அங்கிள். அந்தப் பதினாறுல எழும்பிச் சாடணும்னு ரெண்டு வருசமா காத்திருந்தேன். நான் எட்டு எண்ணுததுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு." சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது.

கடிதத்தை வாங்கினேன். காவலாளியைப் பற்றிய நான்கு வரிகளையும் அடித்தேன். இடப்பக்கக் கேலரியில் இருந்து முதலில் கத்தியதும் ஓடியதும் நான்தான், காவலாளி என்னைத் தடுக்கத்தான் முயன்றார் என்று எழுதி, என் பெயரையும் இருக்கை எண்ணையும் கீழே போட்டேன். ஷாஜி அதைப் போட்டோ எடுத்து எங்கள் கண் முன்னாலேயே அனுப்பினான். மணி பன்னிரண்டு பத்து.

கிளம்பும்போது ஜெபா கூப்பிட்டாள். "அடுத்த மாசம் மதுரையில ஷோ. அபி வருவாளா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அபி தரையைப் பார்த்தாள்.

"வருவா" என்றேன்.

"அப்ப நீங்களும் வரணும். கேலரிக்கு. உங்கள மாதிரி அம்மையும் அப்பனும் அங்க நெறயப் பேரு இருப்பாவ. எட்டாம் பாட்டுக்கு முன்ன அவியட்ட போயி, 'இப்ப பிள்ளைய எல்லாம் உக்காரும், பயப்படண்டாம், பதினாறு எண்ணுங்க'ன்னு சொல்லணும். அது உங்களுக்க வேல."

"செரி" என்றேன். பயத்தோடுதான் சொன்னேன்.

ஒன்று பத்துக்குத் திரும்பும் வண்டி. திருவட்டாற்றில் கூட்டம் ஏறி, மூச்சு முட்டியது. ஊரில் மார்கழித் தேரோட்டத்தின்போது இதைவிட நெரிசலில் அபியைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். அப்போதெல்லாம் பயந்ததில்லை. வடம் இழுக்கும் முன் குரல் கொடுப்பார்கள் என்று தெரியும். தேர் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியும். திருவனந்தபுரத்து வழக்கத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் மகளிடம் கேட்டதில்லை.

"எவ்வளவு வேகமா எண்ணணும் மக்களே?"

அபி என் மணிக்கட்டில் விரலால் தட்டிக் காட்டினாள். நான் நினைத்ததைவிட மிகவும் மெதுவாக இருந்தது. அந்த வேகத்தில் பார்த்தால் அன்று நான் நான்கு வரைகூடப் பொறுத்திருக்க மாட்டேன்.

கண்ணை மூடிக்கொண்டு எண்ணினேன். ஏழில், மூடிய கண்ணுக்குள், அவள் தலை மீண்டும் மறைந்தது. பதினொன்றில் என் கை மேலே இருந்த கம்பியை இறுக்கியது. அவள் தட்டுவதை நிறுத்தவில்லை. பதினாறு வரை எண்ணிவிட்டுத்தான் கண்ணைத் திறந்தேன். வண்டி வேர்க்கிளம்பியில் நின்றுகொண்டிருந்தது. "இன்னொருக்கா" என்றேன்.