உப்பு ராஜ்ஜியத்தின் நான்காவது விதி

மாயக்கதை எழுதுகிறவர்கள் பாதி வழியில் விதியை மாற்றினால் எனக்கு இன்றைக்கும் உடம்பெல்லாம் எரியும். செத்தவர் பிழைக்க வழியே இல்லை என்று முந்நூறு பக்கம் அடித்துச் சொல்லிவிட்டு, கதாநாயகன் செத்ததும் எங்கிருந்தோ ஒரு மூலிகையைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். வாசிக்கிறவர்களை என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்? இந்தக் கோபத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவள் என் அக்கா, பெரியப்பா மகள். அதை நான் முதலில் காட்டியதும் அவளிடம்தான்.

உப்பளம் என்ற பேட்டையில், கீழ்வீட்டில் நாங்களும் மேலே பெரியப்பா குடும்பமும் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதின்மூன்று. மொட்டை மாடிதான் எங்கள் உப்பு ராஜ்ஜியம். தண்ணீர்த் தொட்டி மலை. துணிக்கொடிக்கு அந்தப் பக்கம் எதிரி நாடு. தேங்காய்த்திட்டுத் துறைமுகப் பக்கமிருந்து மீன் வாடை வந்தால் கடல் பூதம் கிளம்பிவிட்டது. எல்லாவற்றையும் கோடு போடாத ஒரு நோட்டில் வரைந்து வைத்திருந்தோம். முதல் பக்கத்தில் அக்காவின் கையெழுத்தில் மூன்று விதிகள். கல் உப்பை நாக்குக்கு அடியில் வைத்தால்தான் மந்திரம் பலிக்கும், அது வாயில் இருக்கும்வரை பேசக்கூடாது. மந்திரம் போட்டவர் பொழுது சாயும்வரை தண்ணீர் குடிக்கக்கூடாது. கடல் தாண்டிப் போனவருக்குத் திரும்பி வர வழியில்லை.

இதையெல்லாம் நிஜமாகவே கடைப்பிடித்தோம். பறக்கும் மந்திரம் போட்டுவிட்டு, சித்திரை வெயிலில் தொண்டை வறண்டு நான் கெஞ்சியிருக்கிறேன். "சும்மா பறந்தா யாருடி நம்புவா? தாகம் எடுத்தாத்தான் மந்திரம்" என்பாள். ஒரு சொட்டு தரமாட்டாள்.

என் தளபதி விஷயத்திலும் அப்படித்தான். மீசை, வாள், குதிரை எல்லாம் நானே வரைந்த தளபதி. கடல் பூதத்தைத் துரத்துகிற ஆவேசத்தில் அவனைக் கடலுக்கு அப்பால் அனுப்பித் தொலைத்தேன். மறுநாள் திரும்பக் கூப்பிடப் பார்த்தபோது அக்கா நோட்டை விரித்து மூன்றாம் விதியில் விரலை வைத்தாள்.

"சட்டம்னா சட்டம். உன் ஆளுன்னா மட்டும் மாறிடுமா?"

அழுது பார்த்தேன், ஒரு வேளை சாப்பிடாமலும் கிடந்து பார்த்தேன். தளபதி போனவன் போனவன்தான்.

அப்பேர்ப்பட்டவள், முழுப்பரீட்சை முடிந்த மறுவாரம், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் நான்காவது விதி எழுதியிருந்தாள். உப்புக் கல்லை வாயில் வைத்துக்கொண்டு, யாரிடமும் பேசாமல் புறப்படுகிறவர் கடல் தாண்டினாலும் ஒருநாள் திரும்பி வரலாமாம்.

"அப்போ என் தளபதி?"

"அவன் உப்பு வெச்சுக்காம போயிட்டான். இது இனிமே போறவங்களுக்கு."

என்ன அநியாயம் இது! அவளுடைய ராணியை ஊர் சுற்ற அனுப்பத்தான் இந்தச் சலுகை என்று எனக்குத் தெரியாதா? பேனாவைப் பிடுங்கித் தாள் கிழிகிற அளவுக்கு அந்த விதியை அடித்தேன். பக்கத்தில் 'செல்லாது' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அவள் தடுக்கவில்லை. காய் விட்டுவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன்.

அதே வாரம்தான் பெரியவர்கள் "பேப்பர் வந்துடுச்சு" என்று பேசிக்கொண்டார்கள். பெரியம்மாவின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாய், எங்கள் ஊர் வழக்கில் சொல்தா. அந்த வழியில் கிடைத்த குடியுரிமையில் அவர்கள் பிரான்சுக்குக் குடிபோகிறார்கள். எனக்கு அது ஒரு சேதியாகவே படவில்லை. எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆட்கள் பிரான்சுக்குப் போவார்கள், ஆகஸ்டு லீவுக்குச் சாக்லேட்டோடு வந்து நிற்பார்கள். இவர்களும் வருவார்கள்.

புறப்படுகிற அன்று காலை வாசலில் கார் நின்றது. அம்மா என்னை இழுத்துவந்து நிறுத்தினாள். அக்கா எனக்கு எதிரே வந்து நின்று முகத்தையே பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. அம்மா கட்டிக்கொண்டு அழுதபோதும் பேசவில்லை. பெரியம்மா நீட்டிய தண்ணீர் பாட்டிலையும் தலையாட்டித் தள்ளிவிட்டாள்.

"ஒரு வாய் குடிச்சா என்னடி? என்னா அழுத்தம் பாரு இவளுக்கு!" என்று பெரியம்மா அலுத்துக்கொண்டாள்.

திமிர் என்றுதான் நானும் நினைத்தேன். செய்ததற்கு ஒரு சாரி சொல்ல வாய் வரவில்லையே! கார் தெருமுனை திரும்பும்வரை விறைப்பாகவே நின்றேன்.

ஆகஸ்டு வந்தது. அடுத்த ஆகஸ்டும் வந்தது. இப்போது தன் பிள்ளைகளின் படங்களைப் போனில் அனுப்புகிறாள். ஊருக்கு மட்டும் ஒருமுறைகூட வரவில்லை. அந்தத் திமிரை நான் வருஷக்கணக்காகத் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அவள் வாய்க்குள் என்ன இருந்தது என்று அந்த ஒன்பது வயதில் எனக்குத் தோன்றவேயில்லை. செல்லாது என்று நான் எழுதிவைத்தது தெரிந்தும், அந்த உப்புக் கல்லை வைத்துக்கொண்டுதான் அவள் காரில் ஏறியிருக்கிறாள்.