தம்பி பெயிண்ட் அடித்த பச்சை அலமாரி

என் தம்பி பழைய மரச்சாமான் கடை ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறான். முதல் மூன்று வருடம் பின்கட்டில் உப்புத்தாள் தேய்த்தான். பிறகு பெயிண்டர் ஆனான். பிறர் வேண்டாமென்று கழித்த மேசையும் அலமாரியும் அவன் கை பட்டால் புதுசாக வெளியே போகும். கடையில் அவனுக்கு 'மழமழ' என்று பெயர் வைத்திருந்தார்கள். என் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை. அலமாரியின் முதுகு சுவரைப் பார்த்துத்தான் நிற்கும், யாரும் பார்க்கப் போவதில்லை. அதற்கும் இரண்டு முறை பூசுகிறவன் அவன்.

போன வருடம் அவன் வலது கை நடுங்க ஆரம்பித்தது. குறைக்கலாம், நிறுத்த முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரே மாதத்தில் 'மழமழ' போய் 'தந்தி' வந்தது. காலையில் அவன் உள்ளே நுழையும்போதே, "தந்தி வந்தாச்சு, யாருக்கு என்னன்னு கேளுங்கப்பா" என்று ஒருவன் ஆரம்பிப்பானாம். டீயை வேண்டுமென்றே டம்ளரின் விளிம்புவரை ஊற்றிக் கொடுப்பார்களாம். தானும் சேர்ந்து சிரித்துவிடுவதாகத் தம்பி சொன்னான். சொல்லும்போது சிரிக்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து முதலாளியின் மச்சினன் ஸ்பிரே கன்னோடு வந்து சேர்ந்தான். பெயிண்ட் அறையில் இரண்டு பேருக்கு இடம் கிடையாது. ஒரு வக்கீலம்மா, ஆறு இழுப்பறை வைத்த பழைய அலமாரி ஒன்றைப் பார்த்து வைத்து, பாசிப்பச்சை அடித்துத் தரக் கேட்டிருந்தார். முதலாளி அதைத் தம்பியிடம் கொடுத்தார். ஒரு பிரஷ் கோடு தெரிந்தாலும் பின்கட்டுக்குப் போய் உப்புத்தாளைப் பிடிக்க வேண்டும். தெரியாவிட்டால் அறை அவனுக்கே என்றார். எல்லோர் முன்னாலும்தான் சொன்னார்.

தம்பி யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். நிற்கிற பலகையில் பெயிண்ட் வடியும். கை நடுங்கினால் வடிந்த இடமெல்லாம் காட்டிக்கொடுக்கும். படுத்திருக்கிற பலகையில் பெயிண்ட் தண்ணீர் மாதிரி தானே சமமாகி, பிரஷ் கோடுகளை மூடிக்கொள்ளும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு முகம் மட்டும் பூசினான். மேல் பலகைக்கு ஒரு நாள். அது காய்ந்ததும் அலமாரியைச் சாய்த்து இடப்பக்கம் ஒரு நாள், புரட்டி வலப்பக்கம் ஒரு நாள், குப்புறப் போட்டு முதுகுக்கு ஒரு நாள். இழுப்பறைகளைக் கழற்றி முகம் மேலே பார்க்க வரிசையாக வைத்து, அதற்கு ஒரு நாள். இரண்டாவது பூச்சுக்கும் அதே கணக்கு. முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, மணிக்கட்டை அசைக்காமல், உடம்பையே நகர்த்தி பிரஷை இழுத்தான். தூசி எழாமலிருக்கத் தரையில் தண்ணீர் தெளித்தான். அலமாரியைக் குழந்தை மாதிரி குப்புறப் போடுகிறான், மல்லாக்கப் போடுகிறான் என்று மச்சினன் கேலி செய்தானாம்.

வக்கீலம்மா வரும் நாளில் மதியச் சாப்பாட்டைச் சாக்காக வைத்து நானும் போனேன். கடை நடுவில் அலமாரி நின்றது. நான் பக்கத்தில் போய், சாய்ந்து, வெளிச்சத்துக்கு எதிரே கண்ணை வைத்துப் பார்த்தேன். ஒரு கோடு இல்லை. ஜன்னல் அதில் அப்படியே தெரிந்தது.

வக்கீலம்மாவுக்கு வாயெல்லாம் பல். மேல் பலகையைத் தடவினார், இரண்டு படம் எடுத்தார். யார் செய்தது என்று கேட்டார்.

"நம்ம பசங்கதாம்மா" என்றார் முதலாளி. மச்சினன் ஒரு அடி முன்னால் வந்து நின்றான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "என் தம்பி செஞ்சதும்மா. பத்து நாள் உழைப்பு" என்று சொல்லி, அறைப்பக்கம் திரும்பி அவனைக் கூப்பிட்டேன். முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்கு அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை.

தம்பி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தான். வக்கீலம்மா அவனைப் பாராட்டிவிட்டு, கீழ் இழுப்பறையைக் கொஞ்சம் திறந்து காட்டச் சொன்னார். அவன் குனிந்து வளையக் கைப்பிடியைப் பிடித்தான். பித்தளை வளையம் பலகையில் படபடவென்று அடித்தது. இடது கையால் வலது கையை அழுத்திப் பிடித்தான். சத்தம் கூடியது.

கடையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். வக்கீலம்மா வளையத்தைப் பார்த்தார், அவன் கையைப் பார்த்தார்.

"இந்தக் கையோடயா அடிச்சாரு?"

அந்த அம்மா மறுபடியும் மேல் பலகையைத் தடவினார். கொஞ்ச நேரம் முன்னால் தடவின அதே இடம். "இங்க அலை அலையா இருக்கே" என்றார். பக்கவாட்டில் விரலை வைத்து, இங்கேயும் என்றார். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று சொன்னேன். "உங்க தம்பி, நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க" என்று அவர் தன்மையாகவே சொன்னார். எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு ஸ்பிரேயில் அடித்துத் தரச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கார் நகர்ந்ததும் முதலாளி என்னைத் திட்டவில்லை. தம்பியிடம்தான் பேசினார். "நான் பாட்டுக்கு உன்ன உள்ள வச்சு ஓட்டிருப்பேன்யா. உங்கக்கா வெளிய இழுத்து விட்டுட்டாங்க. போ, நீயே சுரண்டு. தேய்க்கிறதுக்கு இந்தக் கை தோது. நீ ஒரு தடவ தேய்ச்சா அது நாலு தடவ தேய்க்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான்.

அன்றைக்கே மச்சினனும் இன்னொருவனுமாக அலமாரியைப் பின்கட்டுக்குத் தூக்கிப்போனார்கள். நான் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு அங்கேயே நின்றேன். தம்பி மேல் பலகையிலிருந்து ஆரம்பித்தான். பச்சைத் தூள் அவன் புருவத்திலும் சட்டையிலும் படிந்தது. ஒரு மூலையையும் விடாமல், ஒழுங்காகத்தான் தேய்த்தான்.

"நான் உள்ளயே இருந்திருப்பேனேக்கா" என்றான், நிமிராமல்.