என் மேலேயே ஒரு புகார்

வீட்டுக்கே ஆளனுப்பி நோயாளிகளப் பாத்துக்குற எங்க கம்பெனியில சூப்பர்வைசர் ஆன பிறகு இன்னைக்குத்தான் திருச்சுழி பாத்திரக்கடை அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன்.

பக்கவாதம் வந்து படுத்த மனுசன். வாய் இன்னும் கோணல்தான், பேச்சுக்குக் கொறச்சலில்ல. போன மாசம் வரைக்கும் குளிப்பாட்டி, ஷேவ் பண்ணி, சோறூட்டி அவரைப் பாத்துக்கிட்டது நான்தான். இப்ப அந்த வேலைக்கு செல்வி இருக்கா. அவ ஒழுங்காப் பாத்துக்கிறாளான்னு பாக்குறது என் வேலை.

நுழைஞ்சதும் பழக்கதோசத்துல கட்டில் ஓரத்துல உக்காரப் போனேன்.

"செல்வி, மேடத்துக்கு நாற்காலி எடுத்துப் போடு"ன்னாரு. என்னைய 'ஏ புள்ள'ன்னு கூப்புட்ட அதே வாயி.

செல்வி கஞ்சி ஊட்ட ஆரம்பிச்சா. அவருக்கு இடது பக்கம் வழிஞ்சிரும். என் கை தானா கரண்டிக்குப் போச்சு. மடக்கிக்கிட்டேன். "வலது ஓரமாக் குடு செல்வி"ன்னு மட்டும் சொன்னேன். குடுத்தா. சொட்டு வழியல.

கெளம்பும்போது எல்லா வீட்டுலயும் கேக்குறதக் கேட்டேன். "எதுவும் புகார் இருக்கா அண்ணாச்சி?"

"இருக்கு மேடம். செல்வி மேல இல்ல. முன்னாடி இருந்த புள்ள மேல. பதவி வந்ததும் இந்தப் பக்கம் எட்டியே பாக்கல."

"நடவடிக்கை எடுக்குறேன் அண்ணாச்சி"ன்னேன்.

அவரு சிரிக்கவே இல்ல. நல்லா இருக்குற கையால என் கையப் புடிச்சுக்கிட்டாரு. "வேலைய விட்டுத் தூக்கிராதீக மேடம். தங்கமான புள்ள."

இப்ப அருப்புக்கோட்டை பஸ்ஸுல வாரேன். புகார்ல மாட்டுனவளே விசாரிக்கலாமாப்பா? வெவரம் தெரிஞ்சவுக சொல்லுங்க.