திருப்புளியும் கொண்டை ஊசியும்

பேரன் போனிலேயே ஆர்டர் போட்டு ஒரு திருப்புளிப் பெட்டி வாங்கியிருக்கிறான். மூக்குக் கண்ணாடியின் திருகை முடுக்கத்தானாம். அதற்குப் பெட்டி நிறைய முனைகள். ஒன்றை எடுத்து நகத்தில் வைத்து அழுத்திப் பார்த்தேன். “தாத்தா, தீட்டணும்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க” என்றான். ஆரம்பிக்காமல் இருக்க முடியுமா? பரணில் கிடந்த தீட்டுக்கல்லைத் தேடி எடுத்துத் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கொடைக்கானல் வந்துவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி. பஜாரில் பாதிக் கடை எனக்கு, கடிகார ரிப்பேர். மீதிப் பாதி தையற்கார இப்ராஹிமுக்கு. அவனுக்கும் என் வயதுதான். மாமன், மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அந்த ஊர் மூடுபனிக்கும் இரும்புக்கும் ஆகாது. காலையில் துடைத்து வைத்த திருப்புளி மத்தியானத்துக்குள் புள்ளி புள்ளியாகத் துருவேறும். தேங்காயெண்ணெய் பூசலாமென்றால் அது டப்பாவிலேயே உறைந்து கிடக்கும். ஆகவே இப்ராஹிமின் மிஷின் எண்ணெயில்தான் என் பிழைப்பு ஓடியது. “ஏலே மாப்ள, எண்ணெயக் குடிக்கவா செய்யுற?” என்பான். என்றாலும் கொடுப்பான்.

திருப்புளியைக் கத்தி மாதிரி தீட்ட வேண்டுமென்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. திருகின் தலையில் ஒரு வெட்டு இருக்கிறதே, முனை அதன் அகலத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். அகலம் கூடினால் சுற்றிலும் கீறும்; குறைந்தால் வெட்டையே பிய்த்துவிடும். நுனியும் கூராக இருக்கக் கூடாது. இம்மியளவு மொண்ணையாக, வெட்டின் அடியில் போய் உட்கார வேண்டும். இதெல்லாம் எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன்.

பக்கத்து ஊரான பண்ணைக்காட்டில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா எனக்கு ஒரு பெண் பார்த்திருந்தாள். காபித் தோட்டக்காரர் வீடு. பெண்ணின் போட்டோவைக்கூட நான் பார்த்ததில்லை. அக்கா சொல்லக் கேட்டதிலேயே, கட்டினால் அவளைத்தான் என்று மனசு உட்கார்ந்துவிட்டது.

“நாளைக்குப் பொண்ணோட அப்பா ஒன் கடைக்கு வாராரு. கடியாரம் ரிப்பேருன்னு சொல்லுவாரு, ஒன்னயப் பாக்கத்தான் வாராரு. வாய மட்டும் அடக்கிக்க” என்று வந்து சொல்லிவிட்டுப் போனாள் அக்கா. கடிகாரத்தைத் தாங்களே திறந்து கெடுத்துக்கொண்டு வருகிறவர்களை நான் சும்மா விடுவதில்லை. கலெக்டரே வந்தாலும் திட்டு உண்டு. அந்தப் பயம் அவளுக்கு.

மாப்பிள்ளையின் ஆயுதங்கள் பளபளக்க வேண்டாமா? அன்று சாயங்காலமே எல்லாத் திருப்புளிகளையும் கல்லில் போட்டு, சவரக்கத்தி பதத்துக்குத் தீட்டிவிட்டேன்.

மறுநாள் பெரியவர் வந்தார். கழுத்தைச் சுற்றி மப்ளர். மடியிலிருந்து சங்கிலிக் கடிகாரத்தை எடுத்து, “நின்னு போச்சு தம்பி, வெரசா பாத்துக் குடுங்க” என்றார். பின்மூடியைத் திறந்து முதல் திருகில் முனையை வைத்துத் திருப்பினேன். டிக்கென்று நுனி முறிந்தது. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் டிக். இப்ராஹிமின் மிஷின் நின்றுவிட்டது. காது சுடச்சுட, மூன்றாவதைக் கல்லில் வைத்து நுனியின் கூர்மையை மழுக்கினேன். பிறகு லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு குனிந்து உற்றுப் பார்த்தால், திருகுத் தலையெல்லாம் குதறிக் கிடந்தது. அவ்வளவுதான், எதிரே இருப்பது யாரென்றே மறந்துபோயிற்று.

“யாருங்க இதத் தொறந்தது? மாட்டுக்கு லாடம் அடிக்கிறவன்கூட இதவிடப் பதனமா வேல பாப்பான்!”

இப்ராஹிமுக்கு இருமல் வந்தது. பெரியவர் மப்ளரை இறுக்கிக் கட்டிக்கொண்டார். போச்சு, கல்யாணம் போச்சு என்று நினைத்தபடியே திருகுகளைக் கழற்றினேன். உள்ளே சக்கரத்தில் ஒரு தலைமுடி சுற்றிக் கிடந்தது. இடுக்கியால் இழுத்தால், வந்துகொண்டே இருக்கிறது. அவ்வளவு நீளம்.

“அது எம் மக முடி” என்றார் பெரியவர். “கொண்ட ஊசிய அம்மியில தேச்சு, அவதான் தொறந்தா.”

கொண்டை ஊசியிலா! மறுபடி குனிந்து பார்த்தேன். ஒரு திருகுகூடத் தொலையவில்லை. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. “நல்லாத்தான் தீட்டியிருக்காங்க. நுனியத்தான் ரொம்பக் கூராக்கிட்டாங்க” என்று உளறினேன்.

முறிந்து கிடந்த என் திருப்புளிகளை அவர் ஒரு பார்வை பார்த்தார். “நீங்களும் அப்பிடித்தான் போலருக்கு” என்று சிரித்துவிட்டார். “வீட்டுல அவளத் திட்ட எங்க யாருக்கும் தெம்பில்ல. நீங்க வந்து திட்டுங்க தம்பி.”

தாலி கட்டி நிமிர்வதற்குள், குனிந்த தலை நிமிராமல் அவள் கேட்டாள்: “லாடக்காரின்னு சொன்னீகளாமே?” கொட்டுச் சத்தம் என்னைக் காப்பாற்றியது. அதன்பின் எங்கள் வீட்டில் தீட்டுகிற வேலை அவளுடையதாயிற்று. ஒரு நுனிகூட முறிந்ததில்லை.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது சாக்லெட் விற்கிறார்கள். இப்ராஹிம் இல்லை. சாவி கொடுக்கிற கடிகாரமும் இல்லை, பேட்டரிதான். அதற்கெல்லாம்கூட மனசைத் தேற்றிக்கொண்டேன். மத்தியானமானால் அடுப்படியிலிருந்து ஒரு குரல் வரும்: “லாடக்காரி கூப்புடுறேன், சோலிய வச்சிட்டுச் சாப்பிட வாங்க.” காலமெல்லாம் ஊருக்கு நேரம் சரிபண்ணிக் கொடுத்தவன் நான். அவள் போனபிறகு எனக்குச் சாப்பாட்டு நேரம் தெரிவதில்லை.