கணினித் திரையில் வளைந்த கோடுகள்

என் கணினித் திரையின் நடுவில் எழுத்துகள் நெளிந்தன. கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்று நானே தீர்ப்பளித்தேன்.

செம்பூர் கடைக்காரர் சோதித்துவிட்டு, "அங்கிள், கார்டு ஏக்தம் நல்லாருக்கு, ஒரு குறையும் இல்ல" என்றார். முப்பது வருடம் இயந்திரங்களுக்குச் சான்றிதழ் கொடுத்தவன், அவரிடமா பாடம் கேட்பேன்? மூன்று வாரம் காத்திருந்து புதுக் கார்டு வரவழைத்து, முறைப்படி மாட்டினேன்.

நெளிவு அப்படியே இருந்தது.

"கோடெல்லாம் வளையறது பார்" என்றேன் மனைவியிடம்.

"நேராத்தானே இருக்குன்னா? உங்க கார்டு புராணம் எப்போ முடியும்?"

திரும்பினேன். அவளுக்குப் பின்னால் கதவு நிலையும் வளைந்திருந்தது. வலக்கண்ணைப் பொத்தினேன், நிமிர்ந்தது. இடக்கண்ணைப் பொத்தினேன், அவள் முகம் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் திட்டு பேசிக்கொண்டிருந்தது.

"விழித்திரையில கோளாறு. மூணு வாரம் முன்னாடி வந்திருக்கலாமே" என்றார் டாக்டர்.

என்னைத் தவிர எல்லாவற்றையும் சோதித்திருந்தேன். இப்போது இடக்கண்ணால்தான் அவளைப் பார்க்கிறேன். அதையும் தினமும் சோதிக்கிறேன்.